வெறும் காய்ச்சலா, செப்சிஸா? குழந்தையின் உடம்பை வீட்டிலேயே படிக்க ஒரு வழிகாட்டி

குழந்தை இப்போதே காய்ச்சலோடு மடியில் கிடக்கும்போது இதைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்றால் முழுவதும் படிக்க வேண்டாம், இந்தப் பத்தி போதும். எழுப்பினால் எழவில்லை, அல்லது கண் திறந்த உடனே மறுபடி செருகிக்கொள்கிறது. மூச்சு மிக வேகமாக ஓடுகிறது, அல்லது ஒவ்வொரு மூச்சும் முனகலோடு வருகிறது. உடம்பு வெளிறியோ, நீலம் பாய்ந்தோ, திட்டுத்திட்டாகவோ இருக்கிறது. தொட்டால் வழக்கத்துக்கு மாறாகச் சில்லென்று இருக்கிறது. அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தெரிகின்றன. வலிப்பு வந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அதைவிடச் சீக்கிரம் போக வழியிருந்தால் அப்படியே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் இருந்தால் அது ஒன்றே போதும், வேறு அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். மீதியைத் திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு, கொஞ்சம் நிதானமாக.

என் மகனுக்கு இரண்டரை வயதில் செப்சிஸ் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை, இரண்டு நாளாகக் காய்ச்சல் மட்டும். மூன்றாம் நாள் மாலை காய்ச்சல் இறங்கியது. அப்பாடா என்று இருந்தது. பாதம் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கவே, குளிருகிறது போல என்று சாக்ஸ் போட்டுவிட்டேன். ராத்திரி அவன் தூங்கிய தூக்கம் ஏனோ பிடிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினோம். எமர்ஜென்சியில் இருந்த நர்ஸ் முதல் வேலையாக அந்தச் சாக்ஸைக் கழற்றினார். உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, விட்டுப் பார்த்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "அம்மா, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல் அளவு மூன்று நாளுக்கும் மனப்பாடமாகத் தெரியும். இது தெரியவில்லை. சிறுநீர்த் தொற்று முற்றிப்போயிருந்தது. பிழைத்துக்கொண்டான்.

அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது தெர்மாமீட்டரை. பார்த்திருக்க வேண்டியது பையனை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வித்தியாசம்தான்.

பெயரும் நடப்பதும்

'ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது' என்பார்கள். மருத்துவமனையில் இதற்குச் செப்சிஸ் என்று பெயர். அழுகுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். இரண்டு பெயருமே கொஞ்சம் தடம் மாற்றிவிடும். வெளியிலிருந்து விஷம் எதுவும் ரத்தத்தில் கலப்பதில்லை. செப்சிஸ் வந்த எத்தனையோ குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தால் கிருமிகூட அகப்படாது. எங்கோ ஓரிடத்தில் தொற்று இருக்கிறது. அதை அடிக்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறிப் போய்ச் சொந்த உறுப்புகளையே சேதப்படுத்தத் தொடங்குகிறது. அதுதான் செப்சிஸ். தொடங்கிய இடம் நுரையீரலாக இருக்கலாம், சிறுநீர்ப் பாதை, குடல், மூளையைச் சுற்றிய உறை, எலும்பு, முழங்காலில் ஒரு சிராய்ப்பு, எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் பாக்டீரியா. வைரஸ், பூஞ்சை, மலேரியா ஒட்டுண்ணியாலும் வரும்.

2020இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி 2017ஆம் ஆண்டில் உலகம் முழுக்கச் சுமார் 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்தது; அதில் ஏறக்குறைய 2 கோடி பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்த வயதில் இறந்தவர்கள் சுமார் 29 லட்சம். இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பதற வேண்டியதில்லை. காய்ச்சல் வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தானாக அடங்கும் வைரஸ் காய்ச்சல்தான். சிக்கல் என்னவென்றால் முதல் சில மணி நேரம் இரண்டும் ஒரே முகத்தோடு வரும்.

இனி வரும் அறிகுறிகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றவை தானாக நினைவுக்கு வரும். ரத்த ஓட்டம் குறையும்போது உடல் சிக்கனக் கணக்குப் போடுகிறது: மூளைக்கும் இதயத்துக்கும் முதலில், மற்றவர்களுக்கு அப்புறம். கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, அதனால் அவை சில்லிட்டுப் போகின்றன. தோலுக்குக் குறைக்கிறது, அதனால் வெளிறித் திட்டுத்திட்டாகிறது. சிறுநீரகத்துக்குக் குறைக்கிறது, அதனால் சிறுநீர் நின்றுபோகிறது. குடலுக்குக் குறைக்கிறது, அதனால் பால் வேண்டாம், சாப்பாடு வேண்டாம். திசுக்களுக்கு ஆக்சிஜன் பற்றாமல் ரத்தத்தில் அமிலம் சேர, அதை வெளியே தள்ள மூச்சு வேகமெடுக்கிறது. நெஞ்சில் சளியே இல்லாத குழந்தையும் இரைக்கும். கடைசியில் மூளைக்கே பற்றாக்குறை வரும்போது குழந்தை துவள்கிறது.

குழந்தைகளின் உடல் இந்தச் சிக்கனத்தில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ரத்த அழுத்தத்தைக் கடைசி வரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். பிடி விட்டால் மளமளவென்று சரியும். 'மத்தியானம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்' என்று பெற்றோர் சொல்வது இதனால்தான்.

குழந்தை நன்றாக இருக்கும்போது: உங்கள் குழந்தையின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

யாரும் செய்யாத படி இது, ஐந்து நிமிட வேலை. குழந்தை ஆரோக்கியமாகத் தூங்கும் ஓர் இரவில் சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்தது ஒரு மூச்சு. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். குழந்தைகளின் மூச்சு நின்று நின்று ஓடும், கணக்குத் தப்பும். உதடு, நாக்கு, நகம், உள்ளங்கால் இவற்றின் நிறத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை டயப்பர் நனைகிறது, எத்தனை தடவை கழிவறைக்குப் போகிறாள் என்று தோராயமாகத் தெரிந்திருக்கட்டும். வழக்கம் தெரிந்தவருக்குத்தான் மாற்றம் கண்ணில் படும்.

காய்ச்சல் வந்த இரவு: விளக்கைப் போடுங்கள், சாக்ஸைக் கழற்றுங்கள்

மங்கலான இரவு விளக்கில், போர்வைக்குள் இருக்கும் குழந்தையைப் பார்த்துவிட்டு 'தூங்குகிறது' என்று முடிவு செய்யாதீர்கள். வெள்ளை விளக்கைப் போட்டு, டயப்பர் உட்பட எல்லாவற்றையும் கழற்றித் தலை முதல் பாதம் வரை பாருங்கள். குழந்தை திட்டும். திட்டட்டும், அது நல்ல அறிகுறி.

முதலில் விழிப்பு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? பிடித்த பொம்மைக்குக் கை நீட்டுகிறதா? காய்ச்சலில் எல்லாக் குழந்தையும் சோர்ந்துதான் இருக்கும். ஆனால் சாதாரணச் சோர்வில் குழந்தை உங்களைத் தேடும், ஒட்டிக்கொள்ளும், அழுதால் உங்கள் தோளில் அடங்கும். பயப்பட வேண்டிய சோர்வில் அது உங்களைத் தாண்டி எங்கோ பார்க்கும். ஊசி போட்டால்கூடச் சிணுங்கி விட்டுவிடும். தூக்கினால் தலையும் கைகளும் ஈரத்துணி மாதிரி தொங்கும். நேர்மாறாக, எப்படி எடுத்தாலும் அடங்காத, கீச்சென்ற வேற்று அழுகையும் உண்டு. அந்த அழுகையைப் பசியாகவோ அடமாகவோ நினைத்து ஆற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

அடுத்து மூச்சு. ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60ம் அதற்கு மேலும், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40ம் அதற்கு மேலும் போனால் அது வேக மூச்சு. உலகச் சுகாதார நிறுவனம் நிமோனியாவைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் அளவுகள் இவை, வீட்டுக்கும் பொருந்தும். அழும்போது எண்ணினால் எல்லாக் குழந்தைக்கும் கூடத்தான் வரும், அடங்கிய பிறகு எண்ணுங்கள். எண்ணிக்கையோடு உழைப்பையும் பாருங்கள்: விலா எலும்புகளுக்கு இடையே அல்லது நெஞ்சுக்குக் கீழே சதை உள்ளே குழிகிறதா, மூக்குத் துவாரம் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிகிறதா, மூச்சு விடும்போது 'ம்... ம்...' என்ற முனகல் கேட்கிறதா. அந்த முனகலைப் பலர் 'வலியில் அனத்துகிறாள்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூச்சுக்கு மூச்சு தவறாமல் வந்தால் நுரையீரலைத் திறந்து வைக்க உடல் படும் பாடு அது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வீட்டில் இருந்தால் அது காட்டும் எண்ணை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். விரல் சில்லிட்டிருந்தால் அது தடுமாறும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் பழக்கமும் அதற்கு உண்டு. செப்சிஸின் தொடக்கத்தில் ஆக்சிஜன் அளவு சரியாகவே இருக்கவும் கூடும்.

அப்புறம் தோல். இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் படங்களில் காட்டுவது பெரும்பாலும் வெளுத்த தோல். மாநிறமோ கறுப்போ ஆன குழந்தைக்கு 'வெளிறல்' கன்னத்தில் தெரியாது. உதட்டின் உட்புறம், நாக்கு, ஈறு, கீழ் இமையின் உள்பக்கம், உள்ளங்கை, உள்ளங்கால், நகம் ஆகிய இடங்களில் பாருங்கள். உதடோ நாக்கோ நீலமாக, சாம்பல் பூத்தது போல இருந்தால் உடனே கிளம்ப வேண்டும். தொடையிலும் வயிற்றிலும் வலை விரித்தது போன்ற திட்டுகள் வரலாம். குளிர்ந்த அறையில் துணி கழற்றினாலும் சின்னக் குழந்தைகளுக்கு இந்த வலை தெரியும், ஆனால் போர்த்திச் சூடேற்றினால் மறைந்துவிடும். சூடேற்றியும் போகாத வலைதான் ஆபத்து.

பிறகு ரத்த ஓட்டம். அந்த நர்ஸ் செய்த வேலை இதுதான், நீங்களும் செய்யலாம். நெஞ்செலும்பின் மேல் ஒரு விரலை வைத்து ஐந்து விநாடி அழுத்துங்கள். விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்று விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவலைக்குரியது. நெஞ்சில் நிற மாற்றம் தெரியாத தோலாக இருந்தால் நகத்திலோ உள்ளங்காலிலோ பாருங்கள், அறை சில்லென்று இல்லாமல் இருந்தால் சரி. உங்கள் புறங்கையால் பாதத்தைத் தொட்டு, அப்படியே முழங்கால், தொடை என்று மேலே வாருங்கள். நெஞ்சு அனலாகக் கொதிக்க, பாதம் பனிக்கட்டியாக இருந்தால் சாக்ஸைத் தேடாதீர்கள். காய்ச்சல் ஏறும் நேரத்தில் நடுக்கத்தோடு கை கால் கொஞ்ச நேரம் சில்லிடுவது சாதாரணம்தான்; அது காய்ச்சல் ஏறி முடிந்ததும் சூடாகிவிடும். சூடாகவே இல்லை என்றால், அதோடு வேறு ஏதாவது ஒன்றும் சேர்ந்திருந்தால், வீட்டில் இருக்க வேண்டிய நேரம் முடிந்துவிட்டது.

புள்ளிகள். கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைப் புள்ளிகளின் மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு கண்ணாடிக்கு அடியில் மங்கும். மங்காமல் அப்படியே தெரிந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கசிகிறது. குண்டூசி முனையளவுப் புள்ளிகளாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் கன்றிப்போன காயம் போலப் பெரிதாகலாம். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் பரவும்போது இப்படி வருவதுண்டு. ஆனால் டம்ளர் சோதனைக்கு இருக்கும் புகழ் எனக்குக் கொஞ்சம் பயம் தருகிறது. புள்ளி பலருக்குத் தாமதமாக வரும், நிறைய பேருக்கு வரவே வராது. 'புள்ளி இல்லை, அதனால் பரவாயில்லை' என்று மட்டும் நினைக்காதீர்கள். புள்ளி இருந்தால் ஓட வேண்டும். இல்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

கடைசியாக, உள்ளே போவதும் வெளியே வருவதும். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லையா? குடித்ததெல்லாம் வாந்தியாகிறதா? 12 மணி நேரமாக டயப்பர் நனையவில்லையா? இப்போதைய டயப்பர்கள் ஈரத்தை உறிஞ்சி ஒளித்துவிடும், கையில் எடுத்து எடை பாருங்கள். புதியதைப் போல லேசாக இருந்தால் நனையவில்லை என்றுதான் அர்த்தம்.

2024 ஜனவரியில் குழந்தைகளின் செப்சிஸுக்கு மருத்துவர்களுக்கான புது அளவுகோல் ஒன்று வந்தது. ஃபீனிக்ஸ் அளவுகோல் என்று பெயர். அதில் மருத்துவர்கள் மதிப்பெண் போடுவது நான்குக்குத்தான்: மூச்சு, ரத்த ஓட்டம், ரத்தம் உறையும் தன்மை, மூளையின் விழிப்பு. அவர்களிடம் அதற்கு ரத்தப் பரிசோதனையும் கருவிகளும் உண்டு. நம்மிடம் இருப்பது கண்ணும் கையும். ஆனால் பார்க்கும் இடங்கள் ஒன்றுதான்.

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குச் சட்டமே வேறு

பச்சைக் குழந்தை நோயைக் காட்டிக்கொள்ளாது. காய்ச்சலுக்குப் பதில் உடம்பு குளிர்ந்து போகலாம், 36 டிகிரிக்கு (96.8 ஃபாரன்ஹீட்) கீழே இறங்கி, போர்த்தியும் ஏறவில்லை என்றால் அது காய்ச்சலைப் போலவே, சில சமயம் அதைவிடவும் மோசம். மார்பில் வாய் வைத்து இரண்டு முறை உறிஞ்சிவிட்டுத் தூங்கிப்போவது, பால் நேரம் தாண்டியும் எழாதது, தொட்டால் மட்டும் அசைவது, அழுகை சன்னமாகிப் போவது, மூச்சு சில விநாடி நின்று நின்று வருவது, உச்சிக்குழி அழாத நேரத்திலும் புடைத்திருப்பது, மஞ்சள் காமாலை திடீரென்று கூடுவது, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வருவது: இவற்றில் எதற்கும் 'காலை வரை பார்க்கலாம்' கிடையாது. 'சமர்த்தா தூங்குது, பாலுக்குக்கூட எழல' என்று யாராவது மெச்சினால் அந்தக் குழந்தையை எழுப்பிப் பாருங்கள்.

பேசத் தெரிந்த குழந்தை

கொஞ்சம் பெரிய குழந்தைகள் வார்த்தையில் தடயம் கொடுப்பார்கள், நாம்தான் தள்ளிவிடுகிறோம். கால் வலிக்கிறது என்பது அதில் முக்கியமானது. மெனிங்கோகாக்கஸ் நோய் வந்த குழந்தைகளைப் பற்றி 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கால் வலி, சில்லிட்ட கை கால், தோல் நிற மாற்றம் ஆகிய மூன்றும் புள்ளிக்கும் கழுத்து விறைப்புக்கும் முன்பே, நோயின் முதல் சில மணி நேரத்திலேயே பலருக்கு இருந்தது தெரிந்தது. காய்ச்சலோடு இருக்கும் குழந்தை நடக்க மாட்டேன் என்றால் அதை அடம் என்று விடாதீர்கள். பேச்சு குழறுவது, இடம் மாறிப் பேசுவது, வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, 'எனக்கு என்னமோ ஆகப்போகுதும்மா' என்று சொல்வது எல்லாம் இந்த வரிசைதான். பதின்ம வயதுப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். அவர்களையும் எழுப்பி நாலு வார்த்தை பேச வையுங்கள்.

காய்ச்சல் வைக்கும் பொறிகள்

காய்ச்சல் எவ்வளவு ஏறியது என்பது நோய் எவ்வளவு தீவிரம் என்று சொல்லாது. 40 டிகிரியில் ஓடியாடும் குழந்தையும் உண்டு, 37இல் செப்சிஸோடு துவண்டு கிடக்கும் குழந்தையும் உண்டு.

பாராசிட்டமால் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கினால் 'மருந்து கேட்டுவிட்டது, பயமில்லை' என்று ஒரு கணக்கு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அது செல்லாத கணக்கு. செப்சிஸ் இருந்தாலும் மருந்துக்குச் சூடு இறங்கும். இறங்கிய பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. சூடு தணிந்த அந்த ஓரிரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, நாலு வாய் சாப்பிட்டு, அண்ணனோடு சண்டை போட்டால் கொஞ்சம் ஆறுதல். சூடு தணிந்தும் அப்படியே கிடந்தால் கிளம்புங்கள். ஆறுதலும் முழு உத்தரவாதம் இல்லை, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அளவும் மருந்தும் பொருந்தாமல் போவது ஒரு பக்கம். மருத்துவமனையில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் கிருமி வளராமல் போய், எந்தக் கிருமி என்றே தெரியாமல் போவது இன்னொரு பக்கம்.

புண், அம்மை, சிவப்புக் கோடு

அடிபட்ட இடத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடினால் அதைத்தான் முன்பெல்லாம் ரத்தம் கெட்டுப்போனதற்கு அடையாளம் என்பார்கள். உண்மையில் அது நிணநீர்க் குழாயில் தொற்று பரவுவது. கூடவே அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். அது மட்டுமே செப்சிஸ் ஆகிவிடாது, ஆனால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால் அவசரம். புண்ணைச் சுற்றிய சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து நேரம் எழுதிவையுங்கள். கோட்டைத் தாண்டினால் பரவுகிறது. பார்க்கச் சின்னப் புண், ஆனால் தொட விடாத அளவுக்கு வலி என்றால் அந்தப் பொருத்தமின்மையே ஆபத்துக்கு அடையாளம், உடனே கிளம்புங்கள்.

சின்னம்மை இறங்கிக்கொண்டிருக்கும்போது விட்ட காய்ச்சல் மறுபடி வந்தாலோ, ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சுட்டாலோ காட்ட வேண்டும். சின்னம்மைக்கு ஐபுபுரோஃபென் என்ற காய்ச்சல், வலி மருந்து வேண்டாம்.

மண்ணீரல் நீக்கப்பட்ட குழந்தை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, ஸ்டீராய்டு நெடுநாள் எடுக்கும் குழந்தை, அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள், உடம்பில் நிரந்தரக் குழாய் பொருத்தியவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள்: இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தரும் ஹிப், நிமோகாக்கஸ் கிருமிகளுக்கான தடுப்பூசிகளும், மருத்துவர் சொன்னால் மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டிருந்தால் ஆபத்து குறையும், பூஜ்ஜியமாகாது.

எழுதி வையுங்கள்

ஒரு தாளில் நேரம், காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை, பாதம் சூடா குளிரா, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், குடித்த அளவு, கொடுத்த மருந்து. அவ்வளவுதான். ஒருமுறை பார்த்தால் புகைப்படம், இரண்டு மூன்று முறை எழுதினால்தான் நோய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். செப்சிஸில் போக்குதான் முக்கியம். காலை மருத்துவர் பார்த்து 'வைரஸ்' என்று சொல்லியிருக்கலாம். அப்போது அது சரியாகவே இருந்திருக்கலாம். மாலையில் நிலைமை மாறினால் அதே நாளில் இரண்டாம் தடவை போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருத்துவமனையில்

வரவேற்பு மேசையில் 'மூணு நாளா காய்ச்சல்' என்று ஆரம்பித்தால் உங்களை வரிசையில் உட்கார வைப்பார்கள். பயப்படுத்தும் விஷயத்தை முதலில் சொல்லுங்கள்: "எழுப்பினா எழ மாட்டேங்கிறான், மூச்சு நிமிஷத்துக்கு 56, மத்தியானத்திலேருந்து ஒண்ணுக்குப் போகல." பிறகு நேரடியாகக் கேளுங்கள்: "இது செப்சிஸா இருக்க வாய்ப்பு இருக்கா?" மருத்துவருக்குப் பாடம் எடுப்பதாக ஆகாது. 'இவன் இப்படி இருந்ததே இல்லை' என்ற வாக்கியத்தையும் சொல்லத் தயங்காதீர்கள், நல்ல குழந்தை மருத்துவர் அதைத் தெர்மாமீட்டர் அளவுக்கு மதிப்பார். இங்கிலாந்தில் ஒரு சிறுமியின் மரணத்துக்குப் பிறகு, 2024 முதல் பல மருத்துவமனைகளில், குழந்தையின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் நினைத்தால் வேறொரு குழுவை அழைத்துப் பார்க்கச் சொல்லும் உரிமையே கொண்டுவரப்பட்டிருக்கிறது.

போகும் வழியில், குழந்தை மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஸ்பூன் திணிக்க வேண்டாம்.

உள்ளே போனதும் எல்லாம் வேகமாக நடக்கும், முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் தைரியம் வரும். ரத்தம் எடுப்பார்கள்: கிருமி வளர்த்துப் பார்க்க, சர்க்கரை அளவு பார்க்க, லாக்டேட் என்ற அமிலம் பார்க்க. 2020இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்படி உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையில் ('ஷாக்') இருக்கும் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போட வேண்டும். அந்த நிலைக்குப் போகாத குழந்தைக்குப் பரிசோதித்து முடிவெடுக்க மூன்று மணி நேரம் வரை இடமுண்டு. நரம்பு கிடைக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்பிலேயே ஊசி இறக்கி மருந்து செலுத்துவார்கள். பார்க்கத் திகிலாக இருக்கும். நரம்பைத் தேடி நேரத்தைத் தொலைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சோதித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் கிளம்பும் முன் இரண்டு கேள்வி: என்ன நடந்தால் திரும்பி வர வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் இவன் தேறியிருக்க வேண்டும். பதிலை அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

செப்சிஸிலிருந்து மீண்ட குழந்தை சில வாரங்களுக்குச் சீக்கிரம் களைத்துப்போகலாம், ராத்திரி பயந்து எழலாம், முடி கொட்டலாம், படிப்பில் கவனம் நிற்காமல் போகலாம். பெரும்பாலும் படிப்படியாகச் சரியாகும். ஆனால் அடுத்த காய்ச்சல் வரும் ராத்திரி பெற்றோருக்குத் தூக்கம் இருக்காது. எங்களுக்கு அது ஒன்றரை வருடம் கழித்து வந்தது. விளக்கைப் போட்டேன், சட்டையைத் தூக்கினேன், பாதத்தைத் தொட்டேன். "லைட்ட அணைம்மா" என்று கத்தினான். தாளில் எழுதினேன்: மணி 2.10. காய்ச்சல் 38.9. மூச்சு 30. பாதம் சூடு. 1 மணிக்கு ஒண்ணுக்குப் போனான். ஒரு மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.